தாய்வீட்டுச் சாமந்திக்கு வந்த கருகல்

1

இன்று காலை பங்களாத் தோட்டத்துச் சாமந்தியில் ஒரு கீழ் இலையைத் திருப்பிப் பார்த்தேன். மிளகளவுக்கு ஒரு கரும்பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. நேற்று சாயங்காலம் எவனோ பூவாளியைத் தூக்கிச் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். வேருக்கு ஊற்று, இலைக்கு ஊற்றாதே என்று எத்தனை வருஷமாகக் கத்துகிறேன்! ஒருவன் காதிலும் ஏறுவதில்லை.

என் மகள் கமலா பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, செடிகிட்ட எதுக்கு சண்டை? அடுத்த லயத்து வீடுங்க வரைக்கும் கேக்குது.”

“செடிகிட்ட இல்ல. தண்ணி ஊத்தினவன்கிட்ட.”

“அவன் இங்க இல்லையே.”

“அதான் சத்தமா பேசறன்.”

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் அந்த இலையையும் அதற்கு மேலே இருந்த இரண்டு இலைகளையும் கிள்ளி, அடுப்பில் போட்டு எரித்தேன். எரிகிற இலையைப் பார்த்ததும் என் அண்ணி ஞாபகம் வந்தது. கெங்காவின் கல்யாணம் ஆகி இந்த வைகாசியோடு ஒரு வருஷம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கெங்கா என் அண்ணன் மகள். அந்தக் கல்யாணத்துக்காகத்தான் போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே நடந்ததை எழுதவேண்டும் என்று கப்பல் ஏறும்போதே நினைத்தேன். இந்தப் புள்ளி இன்று எழுத வைத்துவிட்டது.

நான் மலாயாவில் ஒரு மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். துரை பங்களாவின் பூந்தோட்டம் என் பொறுப்பு. மண்டோர் என்பார்கள். நம் பக்கத்தில் மேஸ்திரி என்று சொல்வோமே, அதுதான். குளிரும் பனிமூட்டமும் மழையும் விட்டு விட்டு வரும் இடம். இலை காய்வதே கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் செடிக்குப் பூசணம் வராமல் காப்பது பெரிய பாடு. காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு சர்க்கார் சண்டை நடப்பதால் அடையாளக் கார்டு இல்லாமல் கறிவேப்பிலை வாங்கக்கூடக் கடைக்குப் போக முடியாது. கார்டு கொடுக்கும் ஆபீசில் என்னைப் பிறந்த ஊர் கேட்டார்கள். ஓசூர் தாலுகா என்றேன். அது மதராஸா, மைசூரா என்று கேட்டான் குமாஸ்தா. சேலம் ஜில்லா என்றேன். அப்புறம் ஏன் உன் பேச்சில் கன்னடம் வருகிறது என்றான். அவன் தஞ்சாவூர்க்காரன். நான் பேசுவது தமிழே இல்லை என்று அவனுக்குத் தீர்மானம். எங்கள் பக்கத்தில் அடுப்படியில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பேசுவார்கள் என்பதை அவனுக்கு யார் சொல்வது? “நீ பேசறதுதான் எனக்கு ராகம் பாடற மாதிரி இருக்குது” என்று சொல்லிவிட்டு வந்தேன். கார்டு கிடைக்க இன்னும் இரண்டு தடவை அலைய வேண்டியதாயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முடியாது.

2

என் அண்ணன் வீடு ராயக்கோட்டை மலைக்குக் கீழே. கேழ்வரகும் அவரையும் போடுகிற கொஞ்சம் மேட்டு நிலம், ஒரு கிணறு. வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரமாக, ஒரு சாமந்திப் பாத்தி. மஞ்சள் சாமந்தி. கல்யாணமாகி வந்தபோது என் தாய் கொண்டுவந்த செடியின் வம்சம் அது. பூத்து ஓய்ந்ததும் தண்டை வெட்டிவிடுவார்கள். அடியிலிருந்து பக்கக்கன்று வெடிக்கும். அதைப் பிரித்து நட்டால் அடுத்த வருஷத்துப் பூ.

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது, வீட்டுப் பாத்தியிலிருந்து ஒரு சாமந்திக் கன்றை வேரும் மண்ணுமாக ஒரு சிறு கூடையில் வைத்து அனுப்புவார்கள். மாமியார் அதை வாங்கித் தன் வீட்டுப் புழக்கடையில் நடவேண்டும். அது பிடித்துக்கொண்டால் பெண்ணும் அந்த வீட்டில் பிடித்துக்கொண்டாள் என்று பேச்சு. பிடிக்காமல் போனால் என்ன பேச்சு என்பதை என் அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கிருஷ்ணகிரி பக்கம் கொடுத்தோம். அவள் கொண்டுபோன செடி ஒரே மாதத்தில் கருகிவிட்டது. அவள் மாமியார் அதற்கப்புறம் அவளை விதைப் பானையைத் தொடவிடவில்லை. நாற்று நடும்போது வரப்பிலேயே உட்காரவைத்தாள். ராசியில்லாத கை என்று பெயர். மாமியார் கண்ணை மூடும்வரை அந்தப் பெயர் போகவில்லை. அக்கா அதைச் சொல்லி அழுததில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் பாத்திப் பக்கம் மட்டும் போகமாட்டாள்.

நான் சித்திரையில் போய் இறங்கினேன். கல்யாணம் வைகாசிக் கடைசியில். மாப்பிள்ளை மத்திகிரியில் சர்க்கார் கால்நடைப் பண்ணையில் மாடு பார்க்கும் வேலையில் இருந்தான். பண்ணைக்குப் பக்கத்தில் வரிசை வீடுகளில் ஒன்றில் அவனும் அவன் தாய் எல்லம்மாவும் வாடகைக்கு இருந்தார்கள். நல்ல பையன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

வந்த மறுநாள் புழக்கடைக்குப் போய் முகம் கழுவினேன். பாத்தியைப் பார்த்ததும் துண்டு கையிலிருந்து விழுந்தது. கோடை மழை ஒன்றிரண்டு பெய்திருந்தது. கன்றுகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. கீழ் இலைகள் எல்லாம் கருகி, உதிராமல் தண்டைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே இருந்தவற்றில் புள்ளிகள். நுனிக் கொழுந்து மட்டும் பச்சையாக இருந்தது.

“அண்ணி, இது எத்தனை நாளா இப்படி?”

அண்ணி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். “எது?”

“சாமந்தி. கருகிக் கெடக்குது.”

“வெயில் அடிச்சிருக்கும். வருசா வருசம் அப்படித்தான் ஆவுது, மறுபடி தெளிஞ்சுக்குது.”

“வெயில் அடிச்சா மேல கருகணும். இது கீழருந்து ஏறுது. பூசணம் அண்ணி. ஊறுகாயில பூக்குதே, அந்த சாதி. இலைக்குள்ள பூத்திருக்குது.”

அவள் வெளியே வந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. கெங்கா அவள் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. கலகலவென்று பேசுகிறவள். அன்றைக்குக் குனிந்து ஒரு கருகிய இலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “பெரியத்தை எடுத்துட்டுப் போனதும் இப்படித்தான் இருந்துச்சா சித்தப்பா?” என்றாள்.

அவள் பெரியத்தை என்றது என் அக்காவை. அக்கா கொண்டுபோன செடியும் இதே பாத்திதான். இதே நோயாகத்தான் இருக்கவேண்டும். ஒரு பூசணம் செய்த வேலைக்கு ஒருத்தி ஆயுசு முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறாள்.

3

நோய் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியே இருக்கவில்லை. பாத்திக்குப் பத்தடி தள்ளி எருக்குழி. ஒவ்வொரு வருஷமும் கருகிய இலையையும் தண்டையும் அண்ணி கூட்டி அள்ளி அதில்தான் கொட்டுகிறாள். வைகாசியில் அதே எருவை அள்ளி அதே பாத்தியில் போடுகிறாள். பூசணத்துக்குப் பாயும் தலையணையும் போட்டுக் கொடுத்த மாதிரி. போதாததற்குச் சாயங்காலமானால் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தலையோடு தண்ணீர் தெளிப்பது வேறு. மண்ணிலிருந்து தெறிக்கும் ஒவ்வொரு சொட்டும் நோயை அடுத்த இலைக்கு ஏற்றும். அண்ணி ஒருத்தி மட்டும் இல்லை. நம் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதை. இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் இதேதான், மறுக்காதீர்கள்.

“கருகின இலையெல்லாம் கிள்ளி எரிச்சுடணும்” என்றேன்.

அண்ணி என்னை ஏதோ கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“பூச்செடியயா?”

“செடிய இல்ல. நோவு பிடிச்ச இலைய.”

“ஏம்ப்பா மாரப்பா, சாமிக்கு வெக்கிற பூவு. பொண்ணு கல்யாணத்த வெச்சுக்கினு அதுக்குப் போயி நெருப்பு வெக்கச் சொல்றயே. மலாயாவுல இதத்தான் கத்துக்கினு வந்தியா?”

“சாமிக்குப் பூவ வெக்கறீங்க. கருகின இலையயா வெக்கறீங்க?”

“எங்க மாமியாரு இருந்தப்போ ஒரு நாளும் பூச்செடிய எரிச்சதில்ல.”

“அதனாலதான் நோவு இன்னும் எருக்குழியில உசுரோட இருக்குது.”

அண்ணனைப் பார்த்தோம் இருவரும். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று எழுந்து போய்விட்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்தான் காட்டியிருந்தான்.

அன்றிலிருந்து அண்ணி என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள். நெய்யும் ஊற்றினாள். ஆனால் பேசவில்லை. எனக்கும் கோபம். இவள் பெண்ணுக்காகத்தானே சொல்கிறேன்! சாயங்காலம் கெங்கா ஒரு முறத்தில் கருகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இலையாக, பக்கத்து இலையில் உரசாமல்.

“அம்மா திட்டும்” என்றேன்.

“அம்மா கண்ணுக்கு எதிர எரிக்கல சித்தப்பா. ஏரிக்கரைக்குக் கொண்டுபோயி எரிச்சுட்டு வந்துடறன். அம்மாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருக்குது.”

அப்படித்தான் இருந்தாள். கெங்கா முறத்தோடு வெளியே போனபோது, அண்ணி திரும்பி உட்கார்ந்துகொண்டு மும்முரமாகப் பருப்பில் கல் பொறுக்கினாள்.

4

செடிக்கு மருந்துச் சாமான் வாங்கப் பெங்களூருக்குப் போனேன். ஓசூரிலேயே கிடைக்குமோ என்னவோ, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஊசி வாங்கவும் பெங்களூர்தான். மார்க்கெட்டில் மயில்துத்தம் கேட்டேன். கன்னடம் வாயில் வரும் என்று நினைத்தேன், வந்தது மலாய். விலை என்ன என்று நான் மலாயில் கேட்க, கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இங்கே மலாயாவில் இருக்கும்போது மலாய் பேசினால் நடுவில் கன்னடம் வந்து மானம் போகிறது, அங்கே இப்படி. கடைசியில் கையால் காட்டி வாங்கினேன். நீலக்கல் ஒரு பொட்டலம்.

திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டி ஜூஜுவாடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மைசூர் பக்கமிருந்து வரும் பஸ் என்றால் சாராயம் இருக்கிறதா என்று மதுவிலக்குப் போலீஸ்காரர்கள் சோதனை போடுவார்கள். என் பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார் ஒருவர்.

“என்னய்யா இது, நீலமா?”

“மயில்துத்தம். செடிக்கு மருந்து.”

“காய்ச்சறதுல போடறதா?”

“குடிச்சா செத்துப் போயிடுவாங்க. வேணும்னா ஒரு வாய் போட்டுப் பாருங்க.”

பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைக் கீழே இறக்கி, பொட்டலத்தை வேறு ஒருவரிடம் காட்டி, அவர் இது மருந்துதான் என்று சொன்னபிறகு விட்டார்கள். பஸ் அதற்குள் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்றேன். சொன்னேனே, என் வாய் அப்படி.

மருந்து கலக்குவது பெரிய வித்தை இல்லை, ஆனால் ஒழுங்காகச் செய்யவேண்டும். மயில்துத்தத்தைத் துணியில் கட்டி மண்பானைத் தண்ணீரில் தொங்கவிட்டால் கரையும். இரும்பு வாளியில் போட்டால் மருந்தும் கெடும், வாளியும் கெடும். இன்னொரு பானையில் புதிதாகச் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, ஆறவிட்டு, வடிகட்டவேண்டும். வெற்றிலைக்கு வைத்திருக்கும் பழைய சுண்ணாம்பு ஆகாது. பிறகு நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றிக் குச்சியால் கலக்கவேண்டும். வானத்து நீலத்தில் பால்போல வரும். பளபளப்பாகத் தீட்டிய அரிவாள் நுனியை அதில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, அடித்தால் இலை வெந்துவிடும். ஏறாவிட்டால் அடிக்கலாம். கலக்கிய அன்றைக்கே அடித்துவிடவேண்டும். இலைக்கு மேலே மட்டும் அடித்தால் பாதி வேலை, அடிப்பக்கமும் நனையவேண்டும். இது வந்த நோயைப் போக்காது. கருகிய இலை கருகியதுதான். நல்ல இலைக்கு நோய் வராமல் காக்கும், அவ்வளவுதான்.

கொசுமருந்து அடிக்கும் கைப்பம்பு ஒன்று அண்ணன் வீட்டுக்கென்று நான் கொண்டுபோயிருந்தேன். அதில் ஊற்றி அடித்தேன். செடியெல்லாம் வெள்ளையும் நீலமுமாக ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு வீட்டுக்கும் அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிமேல் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“கல்யாணத்துக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறதப் பாத்திருக்கறன். செடிக்கும் அடிக்கறத இன்னிக்குத்தான் பாக்கறன்.”

“மாட்டுக்கும் அடிச்சுடு மாரப்பா. அதுவும் கல்யாணத்துல நிக்கும்.”

“உனக்கும் ஒரு கை அடிக்கட்டுமா? உன் மூஞ்சிக்கும் தேவைதான்” என்றேன். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க உள்ளே போனாள். ராத்திரி சாப்பாட்டின்போது பேசினாள். “நாளைக்கு மழ வந்துச்சுன்னா இதெல்லாம் கரைஞ்சுடாது?” என்று கேட்டாள். கரைந்தால் மறுபடி அடிக்கவேண்டும் என்றேன். மழை வந்தது. மறுபடி அடித்தேன்.

செடிகளைக் கலைத்து விலக்கி நட்டோம், காற்று நடுவில் போகட்டும் என்று. ஆனால் கெங்காவுக்குக் கொடுக்க அந்தப் பக்கக்கன்றுகளை நான் நம்பவில்லை. நோய் கீழே இருக்கிறது, வேரைச் சுற்றியுள்ள மண்ணில் கருகிய இலைத்தூளாக இருக்கிறது. சுத்தமாக இருந்தது நுனி மட்டும்தான். விரல் நீளத்துக்கு நுனிக்கொழுந்தாகக் கிள்ளி, கழுவிய ஆற்றுமணல் நிரப்பிய சட்டிகளில் நட்டு, மாட்டுக்கொட்டகை நிழலில் வைத்தேன். கெங்கா தினமும் மணல் ஓரமாகத் தண்ணீர் விட்டாள். இலையில் ஒரு சொட்டுப் படாது. கல்யாணத்துக்குள் வேர் விட்டுவிட்டது.

5

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். கமலாவுக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போகிறாள். என் சம்சாரம் ராஜம்மா ஒரு சட்டியில் சாமந்தி நுனி நட்டு வைத்திருக்கிறாள், மகள் கையில் கொடுத்து அனுப்ப. கமலா அதைக் கிரிசாந்திமம் என்கிறாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம்.

“ஹாஸ்டல்ல ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும்தாம்மா. இத எங்க வெக்கறது?”

“சன்னல்ல வை.”

“சன்னல் மூணாவது மாடியில இருக்குது. கீழ போறவன் தலையில விழுந்தா?”

“விழுந்தா நீதான நர்சு. கட்டுப் போடு.”

எனக்குக் கோபம் வரவேண்டியது. வரவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. சட்டியை அவளுக்குத் தெரியாமல் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க ராஜம்மா திட்டம் போடுகிறாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போகட்டும். அக்கா பட்ட பாடு கமலாவுக்கு இல்லை. அவள் கை ராசி என்ன என்று எந்த ஆஸ்பத்திரியும் செடியைப் பார்த்துச் சொல்லப்போவதில்லை.

6

கல்யாணத்துக்கு முதல் நாள் சண்டை வந்தது. அதுவரைக்கும் நடந்ததெல்லாம் சும்மா.

வாசலில் பந்தல். பின்பக்கம் கல்லடுப்பு மூட்டி, சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் கடலை வறுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய இரும்புச் சட்டியில் மணலைச் சுடவைத்து அதில் கடலையைப் போட்டுப் புரட்டுவது. வேர்விட்ட சாமந்தியை நான் மணல் சட்டியிலிருந்து எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசி, புதுக்கூடையில் ஈரத் தென்னைநாரில் வைத்தேன். அண்ணி எட்டிப் பார்த்தாள்.

“மண்ணு எங்க?”

“மண்ணு வேணாம் அண்ணி. அங்க போயி நல்ல மண்ணுல நட்டுக்கலாம்.”

“வேரும் மண்ணுமாத்தான் குடுக்கணும். தாய்வீட்டு மண்ணு இல்லாம அனுப்பினா அது என்ன சீரு? வழியில கெடந்தத எடுத்துக் குடுத்த மாதிரி.”

“நோவு அந்த மண்ணுலதான் இருக்குது. இத்தன நாள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு பிடி மண்ணுல போயிடும்.”

“அதுக்காக என் பொண்ணுக்கு என் வீட்டு மண்ணு கெடையாதா?”

கடலை வறுத்தவர்கள் கரண்டியை நிறுத்தினார்கள். நான் பேசியிருக்கக்கூடாது, பேசினேன்.

“அக்காவுக்கும் இந்த மண்ணத்தான் குடுத்தீங்க. என்ன ஆச்சு?”

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் வந்து, “வாய மூடுறா” என்றான். அவன் என்னை அப்படிச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆயிற்று. கெங்கா மஞ்சள் பூசிய முகத்தோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். தாயையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“எனக்கு ரெண்டும் வேணும்” என்றாள். “செடியும் பொழைக்கணும். எங்கம்மா மண்ணும் வேணும். எப்படின்னு நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லணும். நாளைக்கு அந்தக் கூடைய எடுத்துக்கினு போறது நான்.”

அடுப்பில் மணல் காந்துகிற வாசனை. அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அந்த மண்ணுல இருக்கறது சாகணும், அவ்ளோதான?”

“ஆமா.”

“நெருப்புல செத்துடுமா?”

“நல்லா சுட்டா சாகும்.”

அவள் எழுந்தாள். மண்வெட்டியை எடுத்துப் பாத்திக்குப் போய், நடுவிலிருந்து மண்ணை வெட்டி முறத்தில் அள்ளிவந்தாள். கல்லும் இலையும் போகச் சலித்தாள். கடலைக்காரிகளை, “தள்ளுங்கடி” என்று தள்ளிவிட்டு, சட்டியிலிருந்த மணலைக் கீழே கொட்டி, அந்த மண்ணைப் போட்டு வறுக்க ஆரம்பித்தாள்.

ஈர மண். முதலில் ஆவி பறந்தது. பிறகு புகை. அவள் விடாமல் புரட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, புகைதான் என்று சொல்லிக்கொண்டாள்.

“ஏக்கா, சம்பந்திக்கு மண்ணு வறுவலா?” என்றாள் ஒருத்தி.

“உப்பு, காரம் பாத்துப் போடு. எல்லம்மா வாய்க்கு ருசியா இருக்கணும்.”

“சிரிங்கடி, சிரிங்க. உங்க பொண்ணுங்களுக்கும் நாளைக்கு நாந்தான் வறுத்துத் தரணும்” என்றாள் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பி, “போதுமா, இன்னும் வறுக்கணுமா? பாத்துச் சொல்லித் தொலை” என்றாள்.

ஆவி அடங்கி, மண் பொலபொலவென்று ஆகி, கை வைக்க முடியாத சூட்டில் ரொம்ப நேரம் இருந்தது. போதும் என்றேன். அவள் அதற்கு மேலும் வறுத்தாள். அதில் ஒரு பூசணம் பிழைத்திருந்தால் அது பூசணமே இல்லை. ஆறவைத்து, புதுத்துணியில் பரப்பி, தண்ணீர் தெளித்து, கூடையில் வேரைச் சுற்றித் தன் கையாலேயே அணைத்தாள். சீர்த் தட்டுகளில் அந்தக் கூடைதான் முதலில் போயிற்று.

7

ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாளே, கெங்காவும் வந்தாள். செடி அங்கே மாமியார் கையில். மத்திகிரியில் ஆடிச் சாரல் விடாது. கெங்கா பேசுவாள், சிரிப்பாள், திடீரென்று நிறுத்தி மேகத்தைப் பார்ப்பாள். அவள் எதை நினைக்கிறாள் என்று கேட்க வேண்டியதில்லை. எனக்கும் அதே நினைப்பு. எல்லம்மா தலையோடு ஊற்றினால் தீர்ந்தது.

ஆவணி பிறந்ததும் அவளைக் கொண்டுபோய் விட நான்தான் போனேன். எனக்குக் கப்பலுக்கு நாள் நெருங்கியிருந்தது. மத்திகிரியில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோம். வரிசை வீடுகள் கண்ணில் பட்டதும் கெங்கா நடையைக் குறைத்தாள்.

“நீங்க முன்ன போயிப் பாருங்க சித்தப்பா.”

“நீ வா.”

“எனக்கு வேணாம். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

எல்லம்மா வாசலிலேயே நின்றாள். வாங்க என்று சொல்லி முடிக்குமுன் கெங்காவைக் கையைப் பிடித்துப் புழக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். நாலு குச்சி நட்டு, மேலே தென்னங்கீற்று போட்ட ஒரு சின்னக் கூரை. அதன் கீழே சாமந்தி. முழங்கால் உயரம், அடிவரைக்கும் பச்சை இலை. சுற்றிலும் புதுக்கன்றுகள் வெடித்திருந்தன.

“கூரை போட்டது யாரு?” என்றேன்.

“நான்தான். போடாம விடுவாளா உங்க அண்ணி?” என்றாள் எல்லம்மா. “ஆடியில ரெண்டு தடவ பஸ் ஏறி வந்துட்டா. மழ இலையில படக் கூடாதாம். தண்ணி வேருக்கு விடணுமாம். கீழ் இலை ஒண்ணு மஞ்சளா இருந்துச்சு, கிள்ளி குப்பையில போட்டன். அதுக்கு அந்தச் சத்தம் போடறா! எடுத்து எரி, என் கண்ணு முன்னால எரின்னு நின்னுக்கினா. நெருப்பு வெச்சப்புறந்தான் காப்பியத் தொட்டா. சம்பந்தியா வந்தாளா, போலீசா வந்தாளான்னு எனக்கே தெரியல.”

அண்ணி போன விஷயம் எங்களுக்குத் தெரியாது. கிருஷ்ணகிரிச் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். கெங்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பா, வேறா என்று நான் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

அந்த நேரம் அடுத்த வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். “கெங்கா, வந்துட்டியா? உன் செடியில ஒரு கன்னு குடு. உங்க மாமியாரு, நீ வந்து உன் கையால குடுத்தாத்தான் உண்டுன்னுட்டாங்க.”

கெங்கா குனிந்து, அடியில் வெடித்த ஒரு கன்றை வேரோடு பிரித்தாள். கீழ் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை வாளித் தண்ணீரில் அலசி, வேரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துளித்துளியாக எடுத்துத் தன் செடியின் அடியிலேயே போட்டுவிட்டு, வெறும் வேராக நீட்டினாள்.

“ஏம்மா, ஒரு பிடி மண்ணு கூடவா குடுக்க மாட்ட?” என்றாள் அந்தப் பெண்.

“செடி எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கக்கா” என்றாள் கெங்கா. “மண்ணு மட்டும் கேக்காத. அது எங்கம்மா எனக்காக வறுத்தது.”